திருத்திய முகம்

அத்தியாயம் ஒன்பது

‘எங்களுக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு’ என்று பிரான்சிலிருந்து பதில் வந்த நாளிலிருந்து, கொழும்புத்துறையில் செபமாலையின் வீட்டில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. அவருடைய மகள் றொசாந்தியும் சிரித்தாள். அவள் எப்படிச் சிரிக்கிறாள் என்று நின்று பார்க்கத்தான் யாருக்கும் நேரமிருக்கவில்லை.

இன்று பின்னேரம் மாப்பிள்ளையின் தாய் பெண்ணைப் பார்க்க வருகிறார். மாப்பிள்ளை ஜஸ்ரினுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லையாம். தாய் மட்டும் வந்து, ஒரு மோதிரத்தைப் போட்டுவிட்டுப் போவதாகப் பேச்சு.

வீட்டில் அத்தனை வேலை கிடந்தும், றொசாந்தியின் அண்ணன் எமில்ராஜ் காலையிலேயே தன் போட்டோ ஸ்ரூடியோவைத் திறக்க யாழ்ப்பாண நகரத்துக்கு வந்துவிட்டான். ஒரு கலியாண அல்பம் இன்றைக்கே கொடுத்தாக வேண்டும்.

“அண்ணை, இவவின்ரை கையை ஒருக்கா மெல்லிசாக்கி விடுங்கோ. ஆருக்கும் தெரியாத மாதிரி.”

பக்கத்துக் கதிரையில் இருந்த பெண், கணினித் திரையில் தன் தங்கையின் கையைத் தொட்டுக் காட்டினாள். எமில் மௌசை நகர்த்தினான். கை மெலிந்தது.

“நிறத்தையும் கொஞ்சம்...”

“ம்.”

நிறமும் வந்தது. அந்தப் பெண் சந்தோசமாகத் தலையாட்டினாள். முன்பென்றால் அவனும் சந்தோசப்பட்டிருப்பான். கொஞ்ச நாளாக, மணப்பெண்களின் முகத்தைத் திருத்தும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ இடறியது.

தை மாதம் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, அவன்தான் தங்கையை முற்றத்தில் நிறுத்திப் படம் எடுத்தான். நீலச் சேலையில், எதற்கோ சிரித்துக்கொண்டு அவள் திரும்பிய நேரம். நல்ல படம். அப்படியே அனுப்பியிருக்கலாம். ஆனால் வீட்டில் வந்து அதைத் திறந்தபோது, அம்மா பிலோமினா கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

“அந்தப் பருத் தழும்பை மட்டும் எடுத்துவிடு தம்பி.”

எடுத்தான்.

“கொஞ்சம் வெளிச்சம் கூட்டினால் என்ன?”

கூட்டினான். அதற்குப் பிறகு அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கன்னத்தையும் நாடியையும் ஒடுக்கியது அவன் தானாகச் செய்தது. கை பழகிய வேலை, யோசிக்கவே இல்லை. றொசாந்தி முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு வீடு வருவதற்குள் படம் பிரான்சுக்குப் போய்விட்டது.

மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. றொசாந்தியோடு படிப்பிக்கும் ஜெசிதா ரீச்சர்.

“எமில் அண்ணை, பதறாதேங்கோ. றொசாந்தி பிள்ளையளோடை பாடிக்கொண்டு நிண்டவ, அப்பிடியே விழுந்திட்டா. ஓட்டோவிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம்.”

“இண்டைக்கு அவ லீவெல்லோ?”

“இல்லையே. காலமையே வந்திட்டா. இண்டைக்கு வீட்டிலை இருந்தால் வாற சனம் சாப்பிடு சாப்பிடு எண்டுவினமாம்.”

எமில் கணினியைக்கூட நிறுத்தாமல் எழுந்து ஓடினான்.

* * *

டொக்டர் இளம் பெண். அவனை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தங்கச்சி கடைசியா எப்ப வடிவாச் சாப்பிட்டவ?”

“ராத்திரி...” என்று தொடங்கி நிறுத்தினான். இரவு அவன் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். அவள் மேசையில் இருந்தாளா என்பதே நினைவில் இல்லை.

“முகத்துக்கு என்ன பூசுறவ?”

“தெரியாது டொக்டர்.”

“ஏன் எப்பவும் மாஸ்க் போடுறா?”

“தடிமன், மூக்கடைப்பு எண்டு சொன்னவ.”

“எவ்வளவு காலமாத் தடிமன்?”

டொக்டர் குற்றஞ்சாட்டிக் கேட்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“பேர், ஊர் ஒண்டும் இல்லாமல் டப்பியிலை போட்டு விக்கிற கிறீம்தான் பூசியிருக்கிறா. முதலிலை வெளுத்த மாதிரித் தெரியும். பிறகு தோல் மெல்லிசாகி, வெயில் பட்டாலே எரியும். நிப்பாட்டினால் கொஞ்சக் காலத்துக்கு இன்னும் சிவக்கும். அதுக்குப் பயந்து திரும்பப் பூச விடாதேங்கோ, தோல் கிளினிக்குக்குக் கொண்டு வாங்கோ.”

“ஓம் டொக்டர்.”

“அதைவிடப் பெரிசு சாப்பாடு. இதைப் பேசி, வெருட்டி மாத்தேலாது. இதுகளைப் பற்றிக் கதைக்க இஞ்சை ஒரு டொக்டர் இருக்கிறா. அவவிட்டையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. கலியாணம் கிலியாணம் எண்டு பின்போடாதேங்கோ.”

அவருக்குக் கலியாண விசயம் எப்படித் தெரியும் என்று எமில் கேட்கவில்லை. தங்கை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டில் சொல்லவில்லை.

உள்ளே, றொசாந்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. மாஸ்க்கைக் கழற்றியிருந்தார்கள். கன்னங்கள் இரண்டும் கொதிதண்ணீர் பட்டது போலச் சிவந்திருந்தன. மூக்கருகே தோல் உரிந்திருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

நாள் முழுக்க முகங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்ப்பவன் அவன். இந்த முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

“அம்மாக்குச் சொல்லிப்போட்டியோ?” திரும்பாமலே கேட்டாள்.

“இன்னும் இல்லை.”

“சொல்லாதை அண்ணை. அவை வந்திட்டுப் போகட்டும். பவுடர் போட்டால் தெரியாது.”

“றொசா, ஏன் இப்பிடி?”

அவள் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினாள்.

“நீ அனுப்பின படத்தை அம்மா சித்திக்குக் காட்டேக்கைதான் நானும் பார்த்தனான். முதல் ஆரெண்டே விளங்கேல்லை. சேலையைப் பார்த்துத்தான் நான் எண்டு கண்டுபிடிச்சன்.”

சிரிக்கப் பார்த்தாள். தோல் இழுபட்டு எரிந்திருக்க வேண்டும். நிறுத்திக்கொண்டாள்.

“என்னோடை சண்டை பிடிச்சிருக்கலாமே.”

“சண்டை பிடிச்சு? அவைக்கு அந்தப் பிள்ளையைத்தானே பிடிச்சது. அவர் வீடியோவிலை வரச்சொல்லிக் கேப்பார். கமரா பழுது எண்டுவன், நெற் இல்லை எண்டுவன். கதைச்சால் நல்ல மனுசன் அண்ணை. நல்லாக் கதைக்கக் கதைக்கத்தான் எனக்குப் பயம் கூடினது. எப்பிடியும் ஒருநாள் நேரிலை பார்ப்பினமெல்லோ. அதுக்குள்ளை அந்தப் படம் மாதிரி வந்திடலாம் எண்டு பார்த்தன்.”

தலையணைக்குக் கீழிருந்து போனை எடுத்தாள். திரையில் அந்தப் படம். அவன் செய்த படம். அதைத் தன் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, தையற்காரியிடம் அளவு கேட்பது போலக் கேட்டாள்.

“நிறம் கொஞ்சம் வந்தது, பிறகு பழுதாப் போச்சு. கன்னம்தான் வருகுதில்லை. நீ எவ்வளவு குறைச்சனீ அண்ணை? சரியாச் சொல்லு.”

எமில் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கண்ணை மூடினால் அந்த வேலை அப்படியே தெரிந்தது. காதடியிலிருந்து நாடிவரை ஒரே இழுப்பு.

“அது... அது சாப்பிடாமல் இருந்து வாறதில்லை, றொசா.”

“ஏன்?”

“எலும்பு. நான் எலும்பையும் சேர்த்துத்தான் குறைச்சனான்.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் மெல்ல நெஞ்சுக்கு இறங்கியது.

“எலும்பையோ?”

“ஓம்.”

“அப்ப இவ்வளவு காலமும் நான் சும்மாவே...”

வசனத்தை முடிக்காமல் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. எமில் அவளைத் தொடக் கையை நீட்டினான். தொடத் துணிவு வரவில்லை. கையை எடுத்துக்கொண்டான்.

* * *

சேலைன் முடிந்து, கட்டாயம் திரும்ப வருவோம் என்று டொக்டரிடம் இரண்டு முறை சத்தியம் செய்து, ஓட்டோவில் வீடு வந்தபோது குசினியிலிருந்து பற்றிஸ் பொரிக்கும் மணம் படலைவரை வந்தது. அப்பா செபமாலை, கோயிலின் பங்கு மண்டபத்தில் கதிரை எடுக்கப் போயிருந்தார். தாய் பிலோமினா கையில் மாவோடு ஓடிவந்தார்.

“எங்கை போனனீங்கள் ரெண்டு பேரும்? அவை சாவகச்சேரி தாண்டிட்டினமாம். பிள்ளை, கெதியா முகத்தைக் கழுவி...”

மாஸ்க் இல்லாத முகத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

“மாதாவே, இதென்ன?”

“ஒண்டுமில்லை அம்மா. மயக்கம் வந்தது.” றொசாந்தி அவரைத் தாண்டி அறைக்குள் போய்ப் படுத்தாள்.

“எமில், இந்த முகத்தோடை எப்பிடி அவைக்கு முன்னாலை...” பிலோமினா சொல்லத் தொடங்கினார். மகனின் பார்வையைக் கண்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

குசினியில் எண்ணெய் புகைந்தது. எமில் போய் அடுப்பை நிறுத்தினான். டொக்டர் சொன்னதெல்லாவற்றையும் சொன்னான். தங்கை கேட்ட அளவையும் சொன்னான். சொல்லும்போது அவனுக்குக் கோபம் வந்தது.

“நீங்கள்தானே குசினியிலை நிக்கிறனீங்கள் அம்மா. பிள்ளை சாப்பிடுதோ இல்லையோ எண்டு உங்களுக்கும் தெரியாதே?”

பிலோமினா மா ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

“தெரியும்.”

“என்ன?”

“பிளேட்டிலை போட்டது அப்பிடியே திரும்பி வாறது எனக்குத் தெரியும் தம்பி. கோழிக்குக் கொட்டினனான். பாவாடைக்கு ஊசி குத்திக் கட்டினவ, அதையும் கண்டனான்.” அடுப்புப் பக்கம் திரும்பினார். “ஏனெண்டு கேட்கேல்லை. பிள்ளை மெலியுது, மோதிரம் போட வரேக்கை வடிவா இருப்பாள் எண்டு... நான் உள்ளுக்குள்ளை சந்தோசப்பட்டனான் எமில். பெத்த தாய் நான், சந்தோசப்பட்டனான்.”

அவர் முகத்தை மூடவில்லை, ஒப்பாரி வைக்கவுமில்லை. பானையை எடுத்து அரிசி போட்டுக் கஞ்சி வைக்கத் தொடங்கினார். அரிசி நிலத்திலும் கொட்டியது. அம்மாமேல் கோபத்தைச் சாய்த்துவிட்டுத் தப்பலாம் என்று வந்த எமிலுக்கு, இப்போது அந்த இடமும் இல்லாமல் போனது.

கஞ்சிக் கோப்பையை அவரே அறைக்குள் கொண்டுபோனார். எமில் வெளியே நின்று கேட்டான்.

“பிள்ளை, ரெண்டு வாய்.”

“வையுங்கோ அம்மா. பிறகு குடிக்கிறன்.”

“நான் இதிலை இருக்கட்டோ?”

கட்டில் கிறீச்சிட்டது. தாய் இருந்துவிட்டார் போலும். சாப்பிடு என்று இரண்டாம் முறை அவர் சொல்லவில்லை.

* * *

கிணற்றடியில், முருங்கை நிழலில் நின்றுகொண்டு எமில் போனை எடுத்தான். அழிக்காமல் வைத்திருந்த பழைய படத்தைத் தேடினான். கிடைத்தது. நீலச் சேலை. உருண்டைக் கன்னம். உதட்டருகே பருத் தழும்பு. பாதியில் பிடிபட்ட சிரிப்பு.

ஏதாவது செய்ய வேண்டும். இப்போதே, அந்தத் தாய் வீட்டுக்குள் கால் வைக்கமுன். செய்யாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

ஜஸ்ரினின் இலக்கத்துக்குப் படத்தை அனுப்பினான். கீழே எழுதினான்: ‘இதுதான் என்ரை தங்கச்சி. முதல் அனுப்பினது நான் திருத்தின படம். பிழை முழுக்க என்னிலை. அவவிலை ஒரு பிழையும் இல்லை.’

போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு குறிகளும் நீலமாயின. பார்த்துவிட்டான். பதில் வரவில்லை.

ஆனாலும் எமிலுக்கு மூச்சு இலேசாக வந்தது. தை மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் ஒரு நேர்மையான காரியம் செய்தேன் என்று நினைத்தான். வாளியில் தண்ணீர் அள்ளி முகத்தைக் கழுவினான்.

படலையில் வான் வந்து நின்றது.

ஜஸ்ரினின் தாய், கையில் பழக்கூடையோடு இறங்கினார். பிலோமினா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து வரவேற்றார். இருவரும் உள்ளே நடந்தார்கள். வானின் மற்றக் கதவு திறந்து இன்னொருவரும் இறங்கியதை எமில் அப்போதுதான் கண்டான்.

ஜஸ்ரின்.

“உங்களுக்கு லீவு இல்லை எண்டு...” எமில் தடுமாறினான்.

“கடைசி நேரத்திலை கிடைச்சது அண்ணை. சொல்லாமல் வருவம் எண்டு நினைச்சன். அவவுக்கு ஒரு சந்தோசமா இருக்கும் எண்டு.” அவன் கையில் போன் இருந்தது. முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. “நாவற்குழிப் பாலத்தடியிலை வரேக்கை உங்கடை மெசேஜ் வந்தது.”

“தம்பி, நான்...”

“அம்மாவுக்கு இன்னும் காட்டேல்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். நீங்கள் இந்தப் படத்தை எனக்கு அனுப்பினது றொசாந்திக்குத் தெரியுமோ?”

எமிலின் கண் தங்கையின் அறைச் சன்னலுக்குப் போனது.

முதல் படத்தை அனுப்பும்போதும் அவன் அவளைக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. அவள் அறையில், கைக்கெட்டும் தூரத்தில்தான் படுத்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளுக்காகத்தான் செய்தேன் என்று எண்ணிக்கொண்டு, தன் நெஞ்சுப் பாரத்தை இறக்கி வைக்க இரண்டாந் தடவையும் அவளுடைய முகத்தை எடுத்து வெளியில் கொடுத்துவிட்டான்.

“தெரியாது,” என்றான். அந்தச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“என்ன தெரியாது அண்ணை?”

றொசாந்தி வாசற்படியில் நின்றாள். வீட்டுச் சட்டை. தலை வாரவில்லை. கையில் சேலைன் ஏற்றிய இடத்தில் பிளாஸ்ரர். வந்திருப்பது யார் என்று கண்டதும் கை தன்னியல்பாக முகத்தை மறைக்கப் போனது. பாதி வழியில் நின்றது. மறைக்க நேரம் கடந்துவிட்டது என்று அவளுக்கே விளங்கியிருக்க வேண்டும்.

ஜஸ்ரின் அவளைப் பார்த்தான். சிவந்து உரிந்த கன்னத்தைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

“எந்தப் படத்தைப் பற்றிக் கதைக்கிறீங்கள்?” அவள் குரல் உயரவில்லை. “இண்டைக்கும் ஏதும் அனுப்பினனியோ?”

ஒரு பொய் எமிலின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

“அனுப்பினனான். கோயில் முத்தத்திலை எடுத்த நிசப் படம். நான் ஒண்டும் செய்யாதது. உன்னைக் கேட்டிட்டு அனுப்பியிருக்க வேணும். நான் கேட்கேல்லை.”

அவள் படியிறங்கி வந்தாள். கால் கொஞ்சம் தள்ளாடியது. பிடிக்க வந்த அண்ணனின் கையை விலக்கிவிட்டு, ஜஸ்ரினிடம் தன் கையை நீட்டினாள்.

“ஒருக்காத் தாங்கோ. நான் இன்னும் அதைப் பார்க்கேல்லை.”

அவன் போனைக் கொடுத்தான்.

றொசாந்தி வெயிலுக்குக் கையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். உள்ளே பெரியவர்களின் பேச்சுக் குரல் கேட்டது. அப்பா கொண்டுவந்த கதிரைகளை யாரோ இழுத்துப் போட்டார்கள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரலால் படத்தைப் பெருப்பித்தாள். கன்னம், நாடி, உதட்டருகே அந்தத் தழும்பு, அதைச் சுற்றி அந்தச் சிரிப்பு. மாதக்கணக்கில் அவள் பார்க்காத ஒருத்தி.

“நான் இப்பிடித்தான் இருந்தனானோ?”

“ஓம்,” என்றான் எமில்.

அவள் போனை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அழவில்லை.

“அப்ப சொல்லு அண்ணை. இதிலை நீ என்ன பிழை கண்டனீ?”